லண்டன்காரரின் ராகு காலம்

அந்தக் கூடத்துக்குள் யாரும் எதையும் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். சோப்பு கொண்டுவந்தால் மேலுறையை வெளியிலேயே கிழித்து, ஒரு தடவை கை கழுவிவிட்டுத்தான் உள்ளே எடுத்துவருவார்கள். கதைப் புத்தகம் என்றால் முதல் பக்கத்தை வாசலில் நின்று படித்துவிட வேண்டும். ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் முதல் வரிசையை வேனிலேயே பின்னி முடித்திருப்பார்கள். சமையல் அடுப்பைக்கூட வராந்தாவில் பற்றவைத்து, எரிய எரிய இருவர் தூக்கிக்கொண்டு வருவார்கள். காவலாளி ஒரு வாளித் தண்ணீரோடு பின்னாலேயே வருவார். கம்பெனி போட்ட விதி இல்லை இது. என்னதான் விஞ்ஞானம் வளர்ந்தாலும் ராகு காலம் ராகு காலம்தானே. உள்ளே இருந்ததோ முழுக்க முழுக்க ராகு காலம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூடிக்கிடந்த ஒரு பிஸ்கட் கம்பெனியை வாங்கி, 'நற்பொழுது ஏற்றுமதி நிறுவனம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். மாவு பிசைந்த கூடத்தில் இப்போது ஆட்கள் உட்கார்ந்தார்கள். மங்கையர்க்கரசி ஆனி மாதம் முதல் தேதி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். வயது முப்பத்துநான்கு. கல்யாணம் ஆகவில்லை. விதவை அக்காவும் அக்காள் மகளும் அவளை நம்பி இருந்தார்கள். அந்தப் பெண்ணை நர்சிங் படிப்பில் சேர்த்துவிடலாம் என்றுதான் மங்கை இந்த வேலைக்கே வந்தாள்.

முதல் நாள், நிரஞ்சன் என்கிற இளம் பொறியாளர் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"நேரத்தை அழிக்க முடியாதுங்க. ஒருத்தர்கிட்டேருந்து வெட்டி எடுக்கலாம், அவ்வளவுதான். வெட்டின நேரத்தை வேற யாராவது வாழ்ந்து தீர்க்கணும். வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு ராகு காலம் வேண்டாம். எங்க மெஷின் அதை வெட்டி இங்க அனுப்பிடும். நீங்க உள்ள உக்காந்து வாழ்ந்து குடுத்தா போதும். வேற வேலையே இல்லை."

"அதாவது," என்றார் முன்வரிசையில் இருந்த சூசை மைக்கேல். தூத்துக்குடிக்காரர், கப்பலில் வேலை பார்த்தவர். "அவன் இலையில ஒதுக்கி வெச்சத நாங்க வழிச்சுத் திங்கணும்."

"அப்படிச் சொல்லக் கூடாதுங்க. நீங்க எல்லாரும் காலப் பங்காளிகள்."

"உள்ளூர் ஆளுகளுக்கு இந்த வசதி கெடையாதாக்கும்?"

"அதுக்கு அரசாங்க அனுமதி கிடைக்கலை. ஏற்றுமதிக்கு மட்டும்தான்."

நல்ல இறாலும் நல்ல முருங்கையும் ஏற்றுமதிக்குப் போகிற நாட்டில், கெட்ட நேரம் மட்டும் இறக்குமதியாகிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. மூன்றே மாத ஒப்பந்தம். ஆனி, ஆடி, ஆவணி. மூன்று மாதத்தில் என்ன கிழடு தட்டிவிடப் போகிறது என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நடுவில் விட்டால் ஒன்றும் கிடையாது என்ற வரியும் அதில் இருந்தது.

அன்றைய ராகு காலம் பிறந்த நிமிடத்தில் கூடத்தின் கதவு மூடியது. மூடியதும் வெளியே எல்லாம் நின்றது. ஜன்னலுக்கு எதிரே டீக்கடை. கடைக்காரர் கையை உயர்த்தி ஆற்றிக்கொண்டிருந்த டீ, அந்தரத்தில் அப்படியே நின்றது. கடைக்கு மேலே ஒரு காக்கை இறக்கையை விரித்தபடி நின்றது. உள்ளே மட்டும் நேரம் ஓடியது. ஒரு வாடிக்கையாளரின் ஒன்றரை மணி நேரம் முடிந்தால் அடுத்தவருடையது, அது முடிந்தால் அதற்கடுத்தவருடையது. வாடிக்கையாளர்களோ கோயில் வரிசைபோல நீண்டுகொண்டே போனார்கள். கதவுக்கு மேலே ஒரு பலகையில் ஊர்ப் பெயர் எரியும். முதலில் டொராண்டோ, பிறகு மெல்போர்ன், கடைசியில் லண்டன். கூடத்திலேயே சமைத்து, சாப்பிட்டு, தடுப்புக்கு இந்தப் பக்கம் பெண்களும் அந்தப் பக்கம் ஆண்களுமாகத் தூங்கி எழுந்தார்கள். மாதக்கணக்காக அதே காக்கை. கதவு திறந்தபோது காக்கை பறந்து போனது, டீ கிளாஸில் விழுந்தது. வெளியே அதே நிமிடம். மங்கையின் தலைமுடி மட்டும் இடுப்புக்கு வளர்ந்திருந்தது.

மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. மீதிப் பேருக்கு அந்த ஒப்பந்த வரி ஞாபகம் இருந்தது.

ஆனி முடிவதற்குள் மங்கைக்குக் காதோரம் நரைத்தது. ரேஷன் கடையில் ஒருவன், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க பெரியம்மா" என்றான். வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா சரளா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தங்கையின் முகத்தை விளக்கடியில் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள், வெகுநேரம் வெளியே வரவில்லை. இன்னும் சில நாள் கழித்து ஒரு மாலை, கதவைத் திறந்த அக்கா யோசிக்காமல், "வாங்க" என்றாள். சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. தூக்கி வளர்த்த அக்காள் வாயிலிருந்து அந்த மரியாதை வந்தது மங்கைக்கு அடிபட்ட மாதிரி வலித்தது.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ள அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் தணிகாசலம்.

திருத்தணிப் பக்கத்து ஆள். ஐ.டி.ஐ. படித்த பிட்டர். வேலை பார்த்த தொழிற்சாலை மூடிப்போனதால் இங்கே வந்தவன். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, கையடக்கப் பஞ்சாங்கம் இருக்கும். கூடத்து மின்விசிறி கடகடவென்று ஆட ஆரம்பித்தபோது, அதைச் சரிசெய்ய அவன் அடுத்த நாள்வரை, அதாவது உள்கணக்கில் மாதக்கணக்காக, காத்திருந்தான். மறுநாள் கதவு மூடுவதற்கு முன்னால் திருகாணியை ஒரு சுற்று சுற்றிவைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கதவு மூடிய பிறகு முடித்தான். விசிறிக்கு நேர் கீழே உள்ள இடத்தை மங்கைக்குப் பிடித்துவைத்ததும் அவன்தான். ஏற்கெனவே வெளியே தொடங்கியிருந்த விஷயங்களை மட்டும் பேசினார்கள். அவன் அம்மாவின் சர்க்கரை வியாதி, அவள் அக்காள் மகளின் மதிப்பெண், ரயிலில் இடம் கிடைக்காதது. வெளியே தொடங்கியிராத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது இருவர் வாயிலும் வரவில்லை.

"வே தணிகாசலம்," என்பார் சூசை. "அந்தப் பிள்ளகிட்ட கேட்டுத் தொலையும்வே. எனக்கே வயசாகுது உம்மால."

"எப்படிங்கண்ணே? இருக்கிறதே ராகு காலத்துக்குள்ள."

"எங்களுக்கு ராகுவும் கெடையாது, கேதுவும் கெடையாது. நான் வேணா கேட்டுச் சொல்லட்டா?"

"ஐயோ, நீங்க கேட்டாலும் அதே நேரம்தானேண்ணே. ஆடி போகட்டும். ஆவணி பொறந்ததும் அம்மாவோட தட்டு எடுத்துக்கிட்டு முறையா அவங்க வீட்டுக்கே போயிடறேன்."

வெளியே போய்ப் பேசக் கூடாதா என்று கேட்கலாம். கதவு திறக்கும்போது வெளியே அதே நிமிடம்தானே? அதாவது ஊருக்கு அப்போதுதான் ராகு காலம் பிறந்திருக்கும். உள்ளே யுகக்கணக்காக அதை வாழ்ந்துவிட்டு வெளியே வந்தால், தங்கள் பங்குக்கு ஒன்றரை மணி நேரம் மறுபடியும் காத்துக்கொண்டிருக்கும். அது முடிவதற்குள் பெண்களுக்கான வேன் கிளம்பிவிடும், அவன் திருத்தணி ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவான்.

இந்தப் பேச்சையெல்லாம் சூசை ஒன்றுவிடாமல் மங்கையிடம் சொல்லிவிடுவார். அவளுக்குள் சந்தோஷம் பொங்கும். ஆடிதானே, முப்பத்திரண்டு நாள், கண்மூடித் திறந்தால் போய்விடும் என்று நினைத்தாள். வெளியே அது முப்பத்திரண்டு நாள். உள்ளே ஒரு மாமாங்கம்.

ஆடியின் முதல் திங்கட்கிழமை. உள்ளே டொராண்டோ முடிந்து, மெல்போர்ன் முடிந்து, லண்டன் எரிந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமைகளில் லண்டன் முறை வந்தால் கூடமே தூங்கி வழியும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கண் இமை தானாக இறங்கும், உடம்பு லேசாகக் குளிரும், மனசில் ஒரு நிம்மதி வந்து உட்காரும். 'தூக்க ஷிப்ட்' என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். சூசையின் குறட்டை தடுப்பைத் தாண்டிக் கேட்டது. விசிறிக்குக் கீழே மங்கையும் தணிகாசலமும் மட்டும் விழித்திருந்தார்கள். அவள் மடியில் பாதி பின்னிய ஸ்வெட்டர் கிடந்தது.

"மங்கை," என்றான். எப்போதும் முழுப் பெயரைச் சொல்கிறவன். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா மனசுல இருக்கு."

அவன் முகத்தில் பயமே இல்லை. பஞ்சாங்கம் சட்டைப் பையில் கிடந்தது, கை அதைத் தொடவில்லை. அவள் ஸ்வெட்டரைத் தள்ளிவைத்தாள். கேட்டால் தலையாட்டத் தயாராகத்தான் இருந்தாள். அந்த நொடியில் அக்காவின் ஞாபகம் வந்து தொலைத்தது. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பரவாயில்லை என்று அப்பா ராகு காலத்திலேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார். வருடம் திரும்புவதற்குள் லாரி மோதி அத்தான் போய்விட்டார். அதற்குப் பிறகு அப்பா அந்த வெற்றிலைத் தட்டைக் கையால் தொடவே இல்லை.

"வேண்டாங்க," என்றாள். "இங்க வேண்டாம். நல்ல நேரத்துல கேளுங்க."

அவன் விழித்துக்கொண்டவன் மாதிரி முகத்தைத் துடைத்தான்.

"நீங்க சொல்றதும் சரிதான். என்னவோ இன்னிக்குப் புத்தி கெட்டுப்போச்சு. மன்னிச்சுக்கங்க."

கை சட்டைப் பைக்குப் போனது. பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தான். மங்கை ஸ்வெட்டரைக் கையில் எடுத்தாள். எந்த வரிசையில் விட்டோம் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

விஷயம் தெரிந்து சூசை தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அடுப்ப வெளியில பத்தவெச்சுத் தூக்கிட்டு வாறியள்லா? அதே மாதிரி செய்யும். நாளைக்குக் கதவு மூடும் முன்ன, வாசல்ல வெச்சு அவகிட்ட ஒத்த வார்த்த சொல்லும். 'கல்யாணம்'னு சொன்னாப் போதும். மிச்சத்த உள்ள வந்து ஆற அமரச் சொல்லிக்கிடலாம்."

ஆடியாயிற்றே என்று தணிகாசலம் தயங்கினான். ஒரு வார்த்தைதானே, அதற்கு ஆடி ஆவணி பார்க்க வேண்டியதில்லை என்று சூசை உள்ளேயே நாள்கணக்காக அவனைக் கரைத்தார். ஒருவழியாக மறுநாள் துணிந்து வந்தான். வாசலில் தினசரி உடல் பரிசோதனை வரிசை. மங்கை முன்னால் நின்றாள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "க..." என்று வாயைத் திறந்தான். பரிசோதனை செய்த நர்ஸ் திறந்த வாய்க்குள் தெர்மாமீட்டரைச் செருகினாள். அதை அவள் எடுப்பதற்கும் கதவு மூடுவதற்கும் சரியாக இருந்தது.

தணிகாசலம் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டான். ஆவணிவரை அந்தப் பேச்சே இல்லை என்று முடிவுசெய்தான்.

ஆடி நடந்தது. வெளியே அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றினார்கள், ஜவுளிக்கடைகளில் தள்ளுபடி போட்டார்கள், ஒப்பந்தத்தைக் காட்டி வாங்கிய கடனில் அக்காள் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். உள்ளே விசிறி பழசாகி மாற்றப்பட்டது. தணிகாசலத்துக்கு முன்பல் இரண்டு விழுந்தன, முதுகு வளைந்தது. இதுவரை அவன் என்று சொல்லிவந்தோம், இனி அவர் என்பதுதான் மரியாதை. ஆடி கடைசி வாரத்தில், கூடத்துக்குள் இருந்தபோதே, மங்கைக்கு மாதவிலக்கு அடியோடு நின்றது. நின்றது என்று நிச்சயமாகத் தெரிந்த அன்று அவள் தடுப்புக்கு இந்தப் பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதாள். பிறக்காத பிள்ளைகளுக்கு அவள் பெயர்கூட யோசித்து வைத்திருந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் தணிகாசலம், ஆவணியில் வளர்பிறை எப்போது தொடங்குகிறது என்று சூசையிடம் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

ஆவணி பிறந்தது. முதல் சில நாள் தேய்பிறை. வளர்பிறையில் முதல் முகூர்த்தம் வியாழக்கிழமை என்று தணிகாசலம் குறித்து வைத்தார். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, கூடத்துக்குள் போக வேண்டாம், மூன்று மணிக்கு எல்லோரும் அலுவலக மாடிக்கு வரவேண்டும் என்று கம்பெனி சொல்லியனுப்பியது.

மாடியில் குளிர்சாதன வசதி இருந்தது. நிரஞ்சனுக்கு இரண்டரை மாதம் மட்டுமே வயது கூடியிருந்தது. பார்த்தவர்களுக்கு முதலில் இவர் நிரஞ்சனின் மகனோ என்றுகூடத் தோன்றியது.

"ஒரு சின்னத் தவறு நடந்திருக்கு," என்று ஆரம்பித்தார். "லண்டன்ல நம்ம வாடிக்கையாளர் ஒரு பெரியவர். தினம் ரெண்டரை மணிக்கே எழுந்து குளிச்சு, மூணு மணிக்கு விளக்கேத்திப் பூஜை பண்றவர். திங்கட்கிழமை மட்டும் விளக்கேத்தினதும் பொழுது விடிஞ்சிடுது, நடுவுல பூஜை பண்ணின ஞாபகமே இல்லைன்னு புகார் குடுத்தார். ஞாபக மறதின்னு முதல்ல விட்டுட்டோம். அப்புறம் அங்க இருக்கிற மத்தவங்களும், எத்தனை மணிக்குப் படுத்தாலும் திங்கட்கிழமை தூக்கம் போதலைன்னு எழுதினாங்க. பார்த்தா, மெஷினை நம்ம ஊர் நேரத்துக்கு வெச்சிருக்கோம்."

"புரியலீங்களே," என்றார் தணிகாசலம்.

"ராகு காலம் சூரிய உதயத்தை வெச்சுக் கணக்குப் பண்றது. எந்த ஊர்ல இருக்கோமோ அந்த ஊர்ச் சூரியன். நாங்க மெட்ராஸ் தினசரி காலண்டரைப் பார்த்து, திங்கட்கிழமை ஏழரை டு ஒன்பதுன்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி வெட்டிட்டோம். நமக்கு ஏழரை மணின்னா லண்டன்ல விடியக்காலை மூணு."

"இத்தன பேர்ல ஒருத்தனுக்குமா தோணல?" என்று சூசை கேட்டார்.

"அவங்க வீட்டுச் சமையலறையிலயும் அதே காலண்டர்தாங்க தொங்குது. ஊர்லேர்ந்து வருஷா வருஷம் வாங்கிட்டுப் போறாங்க. அவங்களும் அதைப் பார்த்துத்தான் இத்தனை வருஷமா ராகு காலம் தள்ளி வந்திருக்காங்க."

"அப்ப நாங்க உள்ள இருந்தது?" மங்கையின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் கேட்டாள். "நாங்க இருந்தது ராகு காலம் இல்லையா?"

"இல்லவே இல்லைம்மா." நிரஞ்சன் ஒரு நல்ல சேதி சொல்கிற முகத்தோடு முன்னால் குனிந்தார். "முக்கால்வாசி சாதாரண நேரம். அதுவும் அந்தத் திங்கட்கிழமை லண்டன் நேரம் இருக்கு பாருங்க, அது பிரம்ம முகூர்த்தம். அதைவிட நல்ல நேரம் கிடையாதுன்னு சொல்றாங்க. எந்தக் காரியத்தையும் கண்ணை மூடிக்கிட்டு ஆரம்பிக்கலாமாம். ஒரு வகையில பார்த்தா நீங்க எல்லாரும் குடுத்துவெச்சவங்க."

பின்வரிசையில் ஒரு பெண், "சோப்பை வெளியிலயே பிரிச்சு எடுத்துட்டுப் போனேனே" என்று தனக்குத்தானே சொன்னாள். சூசை சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாக மாறி, கண்ணில் நீர் வழிந்தும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

லண்டன்காரர்களுக்கு நஷ்டஈடாக ஒரு வருடம் இலவசமாக வெட்டிக் கொடுக்கப் போவதாக நிரஞ்சன் சொன்னார். இந்த முறை அந்தந்த ஊர்ச் சூரியனைப் பார்த்து, அசல் ராகு காலத்தை. பங்காளிகளைப் பொறுத்தவரை, தவறு அவர்களுக்கு நன்மையாகவே முடிந்திருப்பதால் நஷ்டம் என்று எதுவும் எழவில்லை. ஒப்பந்தப்படி சேர வேண்டியது சேர்ந்துவிடும். புதிய ஒப்பந்தம் வேண்டுமென்கிறவர்கள் கீழே பெயர் கொடுக்கலாம்.

மங்கை படியிறங்கினாள். முழங்கால் வலித்தது. விசிறிக்குக் கீழே பயமில்லாத முகத்தோடு அவன் உட்கார்ந்திருந்த அந்த நிமிடம் மறுபடி மறுபடி கண் முன்னால் வந்தது. அவனாக வாய் திறந்தான். நேரமும் நல்ல நேரம். வேண்டாம் என்று சொன்னது அவள்தான். கம்பெனிமேல் கோபப்படலாம், நிரஞ்சனின் முகத்தில் காறித் துப்பலாம், ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கம்பெனி சொல்லவில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அன்றைக்கு வேன் இல்லை. எதிரே டீக்கடைக்குப் பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். தணிகாசலமும் மெல்ல வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, புது வேட்டி. வியாழக்கிழமைக்கு வாங்கினதை இன்றைக்கே கட்டிப் பார்த்திருப்பார்போல.

"அந்தத் திங்கக்கிழமை," என்றாள் மங்கை, "நீங்க ஒண்ணு கேக்க வந்தீங்க."

"ஆமாங்க."

"நான் வேண்டாம்னுட்டேன். தப்புப் பண்ணிட்டேன். அதை நினைச்சா வயிறெரியுது." அவள் மூச்சு வாங்கினாள். "இப்பக் கேளுங்க. இங்கயே கேளுங்க. வீட்டுக்கு வர வேண்டாம், தட்டு வேண்டாம், உங்க அம்மா வர வேண்டாம். ஒரு வார்த்தை கேட்டா நான் பதில் சொல்லிடறேன்."

அவருக்குக் கண் கலங்கியது. ஒரு அடி முன்னால் வந்தார். கேட்டுவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். டீக்கடைக்காரர்கூட இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். தணிகாசலத்தின் கை மெல்ல உயர்ந்தது. அவள் கையைப் பிடிக்க வருகிறது என்று எண்ணித் தன் கையை நீட்டப் போனாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி மூணே முக்கால்ங்க," என்றார். "செவ்வாக்கிழமை. நாலரைக்கு முடிஞ்சிடும். சித்த நேரம் பொறுத்தோம்னா..."

"அதான் அது ராகு காலமே இல்லைன்னு ஆயிடுச்சே. இன்னும் எதுக்கு?"

"அது லண்டனுக்குங்க." அவர் நயமாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "நாம இருக்கிறது அம்பத்தூர்ல. நமக்கு இது நெசமான ராகு காலம். இவ்வளவு நாள் பொறுத்துட்டோம், இன்னும் முக்கால் மணி நேரம்தானே. எல்லாம் தெரிஞ்சும் கெட்ட நேரத்துல தொடங்குவானேன்?"

மங்கை அவர் முகத்தைப் பார்த்தாள். பொய்யில்லாத முகம். அவள்மேல் இருக்கிற பிரியத்தில்தான் சொல்கிறார். அவளுக்கு ஒரு கெடுதலும் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் சொல்கிறார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. விசிறிக்குக் கீழே அன்றைக்கு அவள் சொன்னதும் இதே பிரியத்தில்தான். நாலரை ஆனால் கேட்பார். அல்லது நாளைக்குக் கரிநாள் என்பார். வியாழன் வரட்டுமே, முகூர்த்தத்திலேயே கேட்டுவிடுகிறேன் என்பார். வியாழக்கிழமை வாசலில் பூனை குறுக்கே போகும். கதவை யார் திறந்துவிட்டாலும் இந்த மனிதர் அந்தக் கூடத்தைவிட்டு வெளியே வரமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. தன்னையும் வரவிடமாட்டார்.

அழுகை வரவில்லை. நெஞ்சு வெறுமையாக இருந்தது.

பூந்தமல்லி பஸ் வந்து நின்றது. மங்கை பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்க போறீங்க?" என்று பதறினார். "நாலரைக்கு..."

"இனிமே கேக்காதீங்க," என்றாள். "எனக்கு வேண்டாம். இத்தோட முடிச்சுக்கலாம்."

"இந்த நேரத்துலயா இப்படி ஒரு வார்த்தை சொல்லுவீங்க?"

"தொடங்கறதுக்குத்தாங்க நேரம் பாக்கணும். முடிக்கறதுக்குப் பாக்க வேண்டியதில்லை."

படியேறினாள். உள்ளே கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, "உக்காருங்க பெரியம்மா" என்று இடம் கொடுத்தாள். அக்காள் மகள் வயதுதான் இருக்கும். மங்கை உட்கார்ந்துகொண்டாள்.

பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கடைக்காரர் கையை உயர்த்தி டீ ஆற்றிக்கொண்டிருந்தார், டீ நிற்காமல் கிளாஸில் விழுந்துகொண்டிருந்தது. கூரைக்கு மேலே ஒரு காக்கை பறந்து போனது. தணிகாசலம் மட்டும் நிறுத்தத்தில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, அப்படியே நின்றுகொண்டிருந்தார்.